ஏழாம் நம்பர்

“லிஃப்ட்ல போவாதும்மா. படியிலயும் திரும்பாது. கீழயே எங்கனா எடம் காட்டுங்க,” என்றார் வண்டிக்காரர்.

குளிர்பெட்டி பாதி இறங்கியும் பாதி வண்டியிலுமாக நின்றது. அதன் கண்ணாடி மூடியில் மழை விழுந்து வழிந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே ஆம்புலன்ஸ். அதற்குள் சாமுண்டீஸ்வரியின் புருஷன் ஜெகதீசன். விடிகாலை நாலரைக்கு ஆஸ்பத்திரியில் உயிர் போனது. மகன் ஜீவா பெங்களூரிலிருந்து வந்து சேர மதியமாகிவிடும். அதுவரைக்கும் யார் எது கேட்டாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

“கரெண்டு பாயிண்டு பக்கத்துல இருக்கணும்மா. மழைல ஒயர் இழுக்க முடியாது.”

அசோசியேஷன் செயலாளர் ஸ்ரீகாந்த் குடையோடு இறங்கி வந்தான். “பிளக் பாயிண்டு ஏழாம் நம்பர்லதான் கீது ஆண்ட்டி,” என்றவன் அதோடு நிறுத்திக்கொண்டான். ஏழாம் நம்பர் இடத்தில் மூன்றாவது மாடி அந்தோணிராஜின் சிவப்பு கார் நின்றிருந்தது. ஸ்ரீகாந்த் ஏன் பேச்சை நிறுத்திக்கொண்டான் என்று சாமுண்டீஸ்வரிக்குத் தெரியும். அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும்.

முகப்பேரில் அந்தக் குடியிருப்புக்கு வீடுகள் இருபத்தொன்று, கூரைக்கடியில் கார் நிறுத்த இடம் ஏழு. முன்பெல்லாம் கத்துகிறவனுக்கு இடம், கத்தத் தெரியாதவனுக்குத் தெரு. ஜெகதீசன் செயலாளரான வருஷம்தான் முறை வந்தது. ஏழு ஏழு வீடாகப் பிரித்து, ஒவ்வொரு தையிலும் மாற்றி, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் இடம். மனுஷனுக்கு நியாயம் என்று வந்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். எழுதினவன் கடைசியில் நிற்க வேண்டும் என்று தன் பெயரைக் கடைசி வரிசையில் போட்டுக்கொண்டு, அதில் ஒரு பெருமை வேறு. செயலாளர் பதவியை விட்ட பிறகும் அந்த முறையை மட்டும் விடவில்லை.

போன ஆறு மாதமாக அவருக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தது. தெருமுனை வாகை மரத்தடியில் காரை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வருவார். “யாரையாச்சும் கேட்டு மாத்திக்கினாதான் இன்னா?” என்று அவள் கேட்காத நாளில்லை. “மொற வரும்போது வரட்டும்,” என்பார். முறை வர இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. அதை நினைத்தபோது அவளுக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

ஆனால் ஸ்ரீகாந்த் வாயை மூடிக்கொண்டது அதற்காக இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்திரை மாதத்தில் அந்தோணிராஜின் மாமியார் இறந்துபோனார். அன்றைக்கும் இதே பேச்சுத்தான், இதே ஏழாம் நம்பர். இடம் காலியாகக்கூட இருந்தது. அந்த வருஷம் அது யாருடைய முறையோ அவர்கள் ஊரில் இல்லை, போனையும் எடுக்கவில்லை. அவர்கள் சொல்லாமல் அவர்கள் இடத்தில் எதையும் வைக்க முடியாது என்று ஜெகதீசன் நின்றுவிட்டார். பெட்டி வெளியே சாமியானாவுக்கடியில் கிடந்தது. வெயில் ஏற ஏறச் சாமியானாவின் நிழல் நகர்ந்து போய்விட்டது. பதினோரு மணிக்குத்தான் போன் கிடைத்தது. அன்றிலிருந்து அந்தோணிராஜின் மனைவி ஞானகுமாரி இவளோடு பேசுவதில்லை. மெல்ல மெல்ல மற்றவர்களும் குறைத்துக்கொண்டார்கள். ஜெகதீசனுக்கு அது உறைத்த மாதிரியே தெரியவில்லை. பகலெல்லாம் வீட்டில் தனியாகக் கிடந்தவளுக்குத்தான் உறைத்தது.

“நான் வேணா கேட்டுப் பாக்கட்டுமா?” என்றான் ஸ்ரீகாந்த், கேட்கப் பிடிக்காத குரலில்.

“வேணாம். நானே போறேன்.”

மூன்று மாடியும் ஏறினாள். அந்தக் கதவுக்கு முன்னால் நின்றபோது மூச்சு வாங்கியது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்டு அவள் நின்றதில்லை. கேட்க ஜெகதீசன் விட்டதும் இல்லை.

ஞானகுமாரி கதவைத் திறந்தாள். நைட்டிமேல் துண்டு போட்டிருந்தாள். சேதி தெரிந்த முகம்.

“எடம் கேக்க வந்தேன்,” என்றாள் சாமுண்டீஸ்வரி. சுற்றி வளைக்க அவளிடம் வார்த்தை இல்லை.

ஞானகுமாரி துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “எங்கம்மா பதினோரு மணி வரைக்கும் வெயில்ல கெடந்துச்சுக்கா. பக்கத்துல எடம் காலியா இருந்தும் வெயில்லயே கெடந்துச்சு.”

“ஆமா.”

“நான் அத மறக்கல.”

“மறக்க வேணாம்.”

ஜெகதீசனும் அன்றைக்குப் பதினோரு மணி வரைக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் வெயிலில்தான் நின்றார், நாற்காலி போட்டும் உட்காரவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. செத்தவளுக்கு அதனால் ஒரு நிழலும் வந்துவிடவில்லையே.

“அவரு இருந்தா என்னக் கேக்கவே உட்டிருக்க மாட்டாரு. நான் எனக்காக கேக்கறேன். மழைல போட எனக்கு மனசு வரல ஞானம்.”

ஞானகுமாரி உள்ளே போனாள். கதவு பாதி சாத்திக்கொண்டது. சமையலறையில் குக்கர் விசில் அடித்தது, அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் என்று நினைத்து சாமுண்டீஸ்வரி படிப்பக்கம் திரும்பினாள்.

“எங்க வூட்டுக்காரரு ரயில் புடிச்சு அண்ணனூர் ஷெட்டுக்கு டூட்டிக்குப் பூட்டாரு.” ஞானகுமாரி சாவியோடு பின்னால் நின்றாள். “எனக்கு ஓட்டத் தெரியாது. நியூட்ரல்ல போடத் தெரியும். தள்ளணும்.”

ஸ்ரீகாந்தும் பெட்டி கொண்டுவந்த இரண்டு பேரும் தள்ளினார்கள். ஞானகுமாரி உள்ளே உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கேட் தாண்டித் தெருவோரம் வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். இறங்கி, சாவியை நைட்டிப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மாடிக்குப் போய்விட்டாள்.

ஜெகதீசன் ஏழாம் நம்பரில் படுத்தார். முறைக்குப் பத்தொன்பது நாள் முன்னால். வாழ்நாளில் அவர் முந்திக்கொண்டது அது ஒன்றுதான்.

ஜீவா ஒரு மணிக்கு வந்தான். மூன்று மணிக்கு எடுத்துவிட்டார்கள். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போக, பெண்கள் இரண்டு மூன்று பேராகக் கிளம்பிப் போனார்கள். திருமழிசையிலிருந்து வந்த நாத்தனார் வேம்புலியம்மாள் மட்டும் தங்கினாள். பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து இடத்தைக் கழுவிவிட்டாள்.

“வெளக்கு இங்கதான் ஏத்தணும் சாமுண்டி. ஒடம்பு கெடந்த எடம்.”

“இது அவங்க எடம் அண்ணி. சாயங்காலம் அவரு வந்தா வண்டி உடணும்.”

“அதுக்கு? நாளைக்குப் பால் தெளிக்கிற வரைக்கும் அணையக் கூடாது. எடத்தையும் மாத்தக் கூடாது. நீயே ஒக்காந்து பாத்துக்க.”

சாமுண்டீஸ்வரி விளக்கை ஏற்றினாள். வேம்புலியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ப் படுத்தாள். சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஜீவாவும் குளித்துவிட்டு அப்படியே தூங்கிப் போனான். சாமுண்டீஸ்வரி பிளாஸ்டிக் நாற்காலியில் கார் நிற்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தரைக்குமேல் கார்கள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின. வெளிச்சம் அவள்மேல் விழும், திரும்பும், அணையும். இறங்குகிறவர்கள் காலையில் மாலை போட்டுத் துக்கம் கேட்டவர்கள்தான். இப்போது தலையசைத்துவிட்டு லிஃப்டுக்குப் போனார்கள். ஆறு இடமும் நிரம்பியது. மழை வலுத்தது. காற்றில் சாரல் தரை வரைக்கும் வந்தது, விளக்கு இரண்டு தடவை அணையப் பார்த்தது. முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். கை கடுத்தது.

அந்தோணிராஜ் டிபன் பையோடு கேட்டுக்குள் வந்தபோது நனைந்திருந்தான். நேராக மாடிக்குப் போனான். பத்து நிமிஷத்தில் சாவியோடு இறங்கி வந்தான். சாமுண்டீஸ்வரி எழுந்தாள். குனிந்து விளக்கைத் தட்டோடு தூக்கப் போனாள்.

“எடுத்துர்றேன் தம்பி. ஏத்தணும்னு சொன்னாங்க. இதோ எடுத்துர்றேன்.”

அவன் விளக்கைப் பார்த்தான், மழை வரும் பக்கத்தைப் பார்த்தான், வெளியே போனான். தெருவில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நின்றாள்.

கார் உள்ளே வரவில்லை. கூரைக்கு வெளியே, ஏழாம் நம்பரின் வாசலை மறித்தாற்போல் குறுக்கே வந்து, முன்னும் பின்னும் இரண்டு தடவை நகர்ந்து, சரியாக நின்றது. என்ஜின் அணைந்தது. அந்தோணிராஜ் அந்தப் பக்கமாகவே இறங்கி, தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு, சுற்றிப் போய்ப் படியேறிவிட்டான்.

காரில் பட்டுச் சாரல் நின்றுவிட்டது. அவள் தட்டைப் பழைய இடத்திலேயே இறக்கி வைத்தாள்.

வழியை அடைத்து வண்டி நிறுத்தக் கூடாது, அது யாராக இருந்தாலும் சரி. ஜெகதீசன் இருந்திருந்தால் இந்நேரம் மூன்று மாடி ஏறிப் போய்ச் சொல்லியிருப்பார். சாமுண்டீஸ்வரி கொஞ்ச நேரம் படிப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை விளக்குக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காரின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது.