ஒட்டகக் கால் வைத்த கார்

என் மனைவி புருல்சா கால்நடை மருத்துவர். கூட்டுப் பண்ணை கலைந்து ஆடுமாடுகள் வீட்டுக்கு வீடு பிரிந்துபோன பிறகு, எங்கள் மலையூரான அத்-பாஷியில் அவளுக்கு வேலை கொடுக்க ஆள் இல்லை. சில ஆண்டுகள் வீட்டிலேயே இருந்தாள். அந்த ஆண்டுகளில் எங்கள் பூனைக்குத் தினம் ஒரு புது நோயைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது என் கண்ணிமையையும் இழுத்துப் பார்ப்பாள்.

அப்போதுதான் கோக்-பெல் கணவாய்க்கு அந்தப்பக்கம் மேய்க்கிற குடும்பங்கள் ஒரு மருத்துவரைத் தேடின. அவர்களில் மூத்தவர் ஒமுர்சாக். எங்கள் வீட்டில் தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"உன் படிப்புல எனக்குச் சந்தேகம் இல்லம்மா. முன்ன இருந்த டாக்டரும் படிச்சவர்தான். ஆனா ஒவ்வொரு தடவையும் ஆத்துல நிப்பாரு, இல்லன்னா மலையில நிப்பாரு. குதிரையும் கயிறும் அனுப்பி இழுத்துட்டு வரணும். கடைசியில எங்க குதிரைக்கே வைத்தியம் பாக்க வேண்டியதாப் போச்சு. குட்டிகளுக்கு ஊசி போடற அன்னைக்கு நீயா வந்து சேரு. கயிறு போடாம வந்துட்டா, நீதான் எங்க டாக்டர். இல்லன்னா வேற ஆள் பாத்துக்கறோம்."

"வரேன் மாமா" என்றாள் புருல்சா. அவர் போனதும் நேராகக் கொட்டகைக்குப் போய் எங்கள் பழைய நிவா காரின் அடியில் படுத்துப் பார்த்தாள்.

ஆறுதான் அவளுடைய கவலை. இறங்கிக் கடக்க வேண்டிய இடத்தில் பாறைகள் புரண்டு கிடக்கும், காரின் வயிறு இடிக்கும். மூடிக்கொண்டு போன ஒரு கனிமத் தேடல் முகாமிலிருந்து நான்கு பெரிய டயர்களை வாங்கி வந்தாள். என் சித்தப்பா மகன் ஜபார் மெக்கானிக். சக்கரத்துக்கு இடம் போதாமல் மட்கார்டு ஓரங்களை அறுத்தெடுத்துவிட்டு, எட்டி நின்று பார்த்தான்.

"அண்ணி, இது இப்ப கார் இல்ல, மாடி வீடு. ஏணி தனியா வாங்கிக்குங்க."

அன்று மாலையே கடைத்தெரு வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். கிளட்சை விட்டதும் வண்டி தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டதுபோல் யோசித்தது. பிறகு மெல்ல நகர்ந்தது. இரண்டாவது கியர் போட்டதும் மறுபடி யோசித்தது. தீவனம் ஏற்றிய கழுதை வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டியவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் வேறு சொன்னார். நான்காவது கியரில் இன்ஜின் முக்கி முனகியதால், மூன்றாவதே எங்களுக்குக் கடைசி கியர் ஆயிற்று. வேகமுள் நாற்பதைக் காட்டியபோது நாங்கள் நாற்பத்தைந்தைத் தாண்டியிருப்போம். அந்த முள்ளுக்குப் புது டயர் மாட்டிய செய்தியே தெரியாது.

"என்ன ஆச்சு இதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகல வாத்தியாரே" என்றாள் புருல்சா. "குதிரைக்குட்டிக்கு ஒட்டகக் கால் வெச்சிருக்கோம். ஒரு எட்டுல ரொம்ப தூரம் போகுது. ஆனா நெஞ்சு அதே நெஞ்சுதானே? ஒவ்வொரு எட்டும் அதுக்கு பாரம்."

ஜபாரிடம் இதற்கு மருந்து இருந்தது. "ரெண்டு ஆக்சில்லயும் கிரௌன் பினியன் பல்சக்கரத்த மாத்தணும் அண்ணி. பல்லுக் கணக்கு வேற மாதிரி உள்ளது. அது வந்தா பழைய இழுப்பு வந்துடும். தலைநகரத்துல, பிஷ்கெக் சந்தையில தேடினா கிடைக்கும்."

"எப்ப?"

"இலையுதிர் காலத்துக்குள்ள."

"ஊசி வெள்ளிக்கிழமை போடணும்டா."

பழைய டயரை மாட்டினால் மலை ஏறலாம், ஆனால் ஆறு விடாது. ஆற்றைக் கடந்தால்தான் மலையே வரும் என்று அவள் புதிய டயரோடு கிளம்பினாள். பின்இருக்கையில் ஐஸ் பெட்டிக்குள் ஊசி மருந்து. கணவாயில் ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவனுக்கு எங்கள் பக்கம் ஒரு வேலை உண்டு. வண்டி நின்றால் குதித்து இறங்கி, பின்சக்கரத்துக்கு அடியில் கல் வைக்க வேண்டும். அந்த வேலைக்கு நான்.

ஆற்றில் ஒரு பாறைகூட இடிக்கவில்லை. தண்ணீர் கதவின் கீழ்விளிம்பை நக்கிவிட்டு விலகியது. புருல்சா வாய்க்குள் ஏதோ பாடினாள். அவளுக்குப் பாட வராது. சுருதி எங்கோ போகும். அவள் போய்ச் சேர்ந்து இது இரண்டாவது குளிர்காலம். சரியாகப் பாடுகிறவர்களை வானொலியில் கேட்டால், இப்போது எனக்கு ஏதோ குறைகிறது.

கணவாய் தொடங்கியதும் நிலைமை மாறியது. இரண்டாவது கியரில் திணறியது. முதல் கியருக்கு இறங்கினாள். மூன்றாவது வளைவின் நடுவில், கிளட்ச் கருகும் வாசனையோடு வண்டி நின்று பின்னால் நழுவியது. நான் குதித்துக் கல்லை வைத்தேன்.

நிமிர்ந்தால், மேலே வளைவில் குதிரை மேல் ஒமுர்சாக். சேணத்தில் கயிறு சுருட்டித் தொங்கியது. அவர் மெதுவாக இறங்கி வந்தார். முகத்தில் கேலி இல்லை, சலிப்புதான் இருந்தது.

"கயிறு போடட்டுமாம்மா?"

"வேணாம் மாமா."

"வெயில் ஏறுது. மருந்து கெட்டுடும்."

"மத்தியானம் வரைக்கும் தாங்கும் மாமா."

கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கம்பி உண்டு. அதைத் தள்ளினால் எல்லா கியரும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும், இழுப்பு அந்த அளவுக்குக் கூடும். அடிவாரத்திலிருந்தே அதில் ஏறினால் இன்ஜின் கொதித்துப்போகும் என்று அதுவரை தொடாமல் வைத்திருந்தாள். நாள்பட அசையாததால் கம்பி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். உள்ளே எதுவோ பல்லைக் கடித்தது. வண்டி ஒரு உலுக்கு உலுக்கி, நகர்ந்தது.

நகர்ந்தது என்றுதான் சொல்ல முடியும். நான் ஏறிக்கொள்ளவில்லை. பக்கத்தில் நடந்தேன். கொஞ்சம் கைவீசி நடந்தால் முன்னால் போய்விடுவேன்.

"புருஷன நடக்க விட்டுட்டு கார்ல போற பொம்பளைய இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார் ஒமுர்சாக்.

"இவர் ஏறினா வண்டி ஏறாது மாமா. எங்க மாமியார் அப்படி ஊட்டி வளத்திருக்காங்க."

குதிரைக்கும் அது நடை வேகம்தான். அவர் ஜன்னல் பக்கம் வந்து கூடவே நடத்தினார். எந்த நிமிடமும் நின்றுவிடும் என்று காத்திருந்தார் போலும். இன்ஜின் கொதிக்காமலிருக்க, அதன் சூட்டை உள்ளே இழுக்கும் ஹீட்டரைப் புருல்சா முழுதாகத் திறந்துவிட்டிருந்தாள். கோடை வெயிலில் கண்ணாடியெல்லாம் இறக்கி, அந்தச் சூட்டை மடியில் வாங்கிக்கொண்டு, தக்காளிப் பழம்போல் சிவந்து உட்கார்ந்திருந்தாள். அதற்கு நடுவில் குதிரையைப் பார்த்தாள்.

"மாமா, வலது முன்னங்கால ஊன யோசிக்குதே. லாடம் எப்ப அடிச்சீங்க?"

"போன வாரம்."

"ஒரு ஆணி உள்ள தள்ளிப் போயிருக்கு. மேல போனதும் கழட்டணும். இன்னும் நாலு நாள் விட்டா சீழ் கட்டிடும்."

அவர் குனிந்து காலைப் பார்த்தார். பிறகு தன் மருமகனுடைய மாட்டுக்கு மடி வீங்கியிருப்பதைச் சொன்னார். எந்தக் காம்பு, பால் எந்த நிறம் என்று அவள் கேட்டாள். அடுத்த வளைவில் ஆட்டுக்குட்டிகளுக்குக் கழிச்சல். அதற்கடுத்து, யாருடையது என்று சொல்ல விரும்பாத ஒரு நாய். வண்டி உறுமிக்கொண்டு ஊர்ந்தது. அவர் பையிலிருந்து உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டை எடுத்து ஜன்னல் வழியாக அவள் வாயருகே நீட்டினார். கையை எடுக்க முடியாமல் அவள் வாயிலேயே வாங்கிக்கொண்டாள். எனக்கும் ஒன்று தந்தார், இரண்டு வளைவு கழித்து.

உச்சியில் காற்று அடித்தது. புருல்சா வண்டியை நிறுத்தி, வியர்வை சொட்டச் சொட்ட இறங்கினாள். முதலில் ஐஸ் பெட்டியைத் திறந்து கை வைத்துப் பார்த்தாள். பிறகு குதிரையின் காலைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்து, குறடால் ஆணியைப் பிடுங்கினாள். குதிரை அவள் தோளில் மூச்சுவிட்டது.

"அந்த டாக்டர் இழுபட்டு வந்து சேரும்போதெல்லாம் கோவமா இருப்பாரு" என்றார் ஒமுர்சாக். "ஒரு வார்த்தை கேக்க முடியாது. இன்னும் மூணு வீட்டு விஷயம் உங்கிட்ட சொல்லணும்மா."

"சொல்லுங்க மாமா. நடந்துகிட்டேவா?"

அவர் கடிவாளத்தை என் கையில் கொடுத்துவிட்டு, காரைச் சுற்றி வந்து, மேல்விளிம்பைப் பிடித்து ஏறி என் இருக்கையில் உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, பாத்து மெதுவா ஓட்டிட்டு வாங்க. கால் வலிக்கற குதிரை."

நான் சந்தை ஊரில் பிறந்தவன், குதிரை ஏறிப் பழக்கமில்லை. புருல்சா சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங் மேல் தலை சாய்ந்துவிட்டது. இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் அதே குட்டைக் கம்பியில் தாழ்ந்த கியரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அதனால் நான் பின்தங்கவில்லை. குதிரை மேல் உட்கார்ந்து அதன் பிடரிமயிரை இரு கையாலும் பற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, அவள் அவருக்கு மருந்தின் அளவு சொல்லிக்கொண்டிருந்தாள்.