பாதி காலியாகப் பறந்த விமானம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு புகாராக வந்து சேர்ந்தது. அக்கா கைப்பேசியில் கூப்பிட்டு, எடுத்த எடுப்பிலேயே, "உங்க அத்தான் என்னைக் கேக்காம சீட்டைக் குறைச்சிட்டாருடா" என்றாள்.

அவளும் அத்தானும் விமான நிறுவனம் நடத்தும் விளையாட்டு ஒன்றை ஆடுகிறார்கள். ஒரே நிறுவனம், இரண்டு மேலாளர்கள். அத்தானுக்கு மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் வேலை. பட்டறை வேறு நகரத்துக்கு மாறியபோது அவரும் கூடவே போனார். அக்கா பிசியோதெரபிஸ்ட். வீட்டு ஹாலிலேயே வைத்தியம் பார்க்கிறாள். பாதி நடக்கத் தொடங்கியவர்களை அப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது என்று இங்கேயே இருந்துவிட்டாள். தினமும் பேச ஏதாவது வேண்டுமே என்று இருவரும் ஆரம்பித்த விளையாட்டு இது.

(விதி எளிது. ஒவ்வொரு வழித்தடத்திலும் ஒரு நாளைக்கு எத்தனை பேர் பறக்க விரும்புகிறார்கள் என்று திரை சொல்லும். அதற்கேற்ற விமானத்தை விட வேண்டும். இருக்கை கூடினால் காலியாகப் பறக்கும். குறைந்தால் ஆட்கள் தரையிலேயே நிற்பார்கள்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "விமானம் மேகத்துக்குள் நுழைந்தபோது அவள் கண்கள்"

நிறுத்திவிட்டேன். இந்தக் கதையில் யாரும் விமானம் ஏறுவதே இல்லை.

இரண்டாவது: "பிரிவு என்பது"

இப்படித் தொடங்குகிறவனை நானே படிக்க மாட்டேன்.

ஆகவே நடந்ததை நடந்தபடி. அவர்கள் திறந்த முதல் வழித்தடம் இந்த ஊருக்கும் அத்தான் இருக்கும் ஊருக்கும் இடையிலானது. கையிலிருந்ததிலேயே பெரிய விமானத்தை அக்கா அதில் விட்டாள். அவ்வளவு பேர் அந்தப் பக்கம் போவதில்லை. பாதி இருக்கை காலி. மற்ற தடங்களில் அவள் கெட்டிக்காரி. முதல் வகுப்பில் ஒரு வரிசையைப் பிடுங்கிச் சாதா வகுப்பில் போடுவாள், விமானத்தை மாற்றுவாள், தேவைக்கும் இருக்கைக்கும் இம்மி பிசகாது. இந்தத் தடத்தை மட்டும் தொட மாட்டாள். "காலியாப் பறந்தா பறக்கட்டும், என்ன இப்ப?"

ஒரு காலையில் திறந்து பார்த்தால் பெரிய விமானத்தைக் காணோம். அந்த இடத்தில் விசிறி வைத்த குட்டி விமானம் ஒன்று நின்றிருந்தது.

3

அன்று முழுக்க அக்கா சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தேன். எனக்கு இங்கே ஒரு சந்தேகம். ஊரார் முதுகையும் முழங்காலையும் நிமிர்த்தி அனுப்புகிற பெண்மணி, இல்லாத விமானத்துக்காகச் சாப்பிடாமல் கிடப்பாளா? வரைவை அவளிடமே காட்டினேன்.

"சாப்பிடாமல்லாம் இல்ல. நல்லாத்தான் சாப்பிட்டேன். அதை அடி."

அடித்துவிட்டேன்.*

"அப்ப எதுக்குக் கோபம்?"

"அவரு போனப்ப பெரிசா விட்டது, அவரு நெனச்சா உடனே கெளம்பி வரணும்னுதான். இடமில்லன்னு ஒரு நாளும் ஆயிடக் கூடாதுல்ல?"

(* 'நல்லாத்தான் சாப்பிட்டேன்' என்பதையும் நான் முழுதாக நம்பவில்லை.)

4

அன்று மாலை அவள் அத்தானைக் கூப்பிட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"பெரிய விமானத்தை ஏன் எடுத்தீங்க?"

"அது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வருது, அதுவும் பாதி காலியா. சின்னது காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு ரெண்டு தடவை வருது. ஒரு சீட்டு காலியில்ல. நீ சீட்டை மட்டும் பாத்த. எத்தனை தடவைன்னு பாக்கல."

அக்கா திரையைத் தள்ளிப் பார்த்தாள். உண்மைதான். நான் பெருமூச்சு விட்டேன். சின்னத் தப்பர்த்தம், ஒரு சிரிப்பு, கதை முடிந்தது. மனதுக்குள் முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டேன்.

அக்கா வைக்கவில்லை. "விளையாட்டுல தினமும் ரெண்டு தடவை வர்றீங்க. நெசத்துல எப்ப வந்தீங்க?"

அந்தப் பக்கம் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் மட்டும் கேட்டது. பிறகு அதையும் யாரோ நிறுத்தினார்கள்.

"வந்தா எங்க உக்கார்றது?"

"என்னங்க பேசறீங்க?"

"போன தடவை வந்தேன். ஹால் நடுவுல உன் வைத்தியக் கட்டில்ல ஒருத்தர் காலை நீட்டிப் படுத்திருந்தாரு. என் நாற்காலியக் காணோம். நான் பையோட சமையலறை வாசல்ல நின்னேன். 'சார் யாரு?'ன்னு அவரு கேட்டாரு. நீ அவரு முட்டியப் புடிச்சு மடக்கி நீட்டி எண்ணிக்கிட்டிருந்த. பதில் சொல்லல."

"காதுல விழலைங்க."

"தெரியும். அதான் அப்பவே சொல்லல."

அக்கா அழுதாள் என்று எழுதலாம். அழவில்லை. ஸ்பீக்கரை அணைத்து, கைப்பேசியைக் காதோடு வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மீதியை நான் கேட்கவில்லை. கற்பனை செய்யவும் மனம் வரவில்லை.

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அத்தான் வேலையை விட்டுவிட்டு வருகிறார். ("அந்த வேலைன்னா அவருக்கு உசிரு. அடி.")

அக்கா அவரிடம் போய்விடுகிறாள். ("என் பேஷன்ட்டை எல்லாம் நீ நடக்க வைப்பியா?")

இருவரும் பிரிகிறார்கள். ("ஒதை வாங்குவ.")

நான்காவதை நான் எழுதவில்லை. இன்று அக்கா என்னை வரச் சொன்னாள். அத்தான் வந்துகொண்டிருக்கிறாராம். ஹால் நடுவில் அந்தச் சிகிச்சைக் கட்டில், கனமான இரும்புக் கால்களோடு. மாடியிலிருந்து அத்தானின் நாற்காலியை இறக்கி, தூசி தட்டி வைத்திருந்தாள். போட இடமில்லை.

"கட்டிலைச் சுவரோரமாத் தள்ளினா நாற்காலி போடலாம். ஆனா நான் ரெண்டு பக்கமும் நின்னாத்தான் வேலை பாக்க முடியும். சுவரைப் புடிச்சுக்கிட்டா வைத்தியம் பாக்கறது?"

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவரைச் சமையலறை வாசலில் நிற்க வைத்ததும் நியாயமில்லை.

கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்து நிற்கிறாள். எனக்கு இடுப்புப் பிடிப்பு. அவளே பார்த்துச் சொன்னது, கனம் தூக்கக் கூடாதாம். மறுமுனை உங்கள் பக்கம் இருக்கிறது. கொஞ்சம் கை கொடுங்கள். எந்தப் பக்கம் நகர்த்துவது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.