மேஸ்திரி சிரித்த சிரிப்பு

இராயபுரத்து இக்னேஷியஸ் மேஸ்திரி உரக்கப் பேசும் வழக்கம் இல்லாதவர். வேலைவிட்டு வந்ததும் தெருக்குழாயில் கைகால் கழுவிக்கொண்டு, சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, வாசற்படியில் சிறிது நேரம் கண்மூடி அமர்ந்திருப்பார்; அதன் பிறகே வீட்டாருடன் பேசுவார். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஒரு கேங்குக்கு அவர் தலைவர். தேர்தல் வந்தால் மட்டும் அவருடைய ஒழுங்குகள் யாவும் குலைந்துபோகும். கேங்கில் பாதிப்பேர் ஆளுங்கட்சி, மீதிப்பேர் எதிர்க்கட்சி. கல் பறக்கத் தொடங்கியதும் விலக்கிவிட அவரைத்தான் தேடி வருவார்கள். எழுபத்தொன்றாம் ஆண்டுத் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது அவருக்கு உடம்பைவிட மனம் அதிகமாக அலுத்திருந்தது.

ஆகையால், தேவப்பிரியம் என்னும் கல்லூரி ஆசிரியர் வந்து, மாதா கோயில் கூடத்தில் அமைதிப் பயிற்சி நடத்தப் போவதாகச் சொன்னபோது மேஸ்திரி மறுக்கவில்லை. தலைமை தாங்குவது எப்படி, பூசலைத் தணிப்பது எப்படி என்பவை பாடம். இரு கட்சியாரையும் அவரே அழைத்து வந்து பாயில் உட்கார வைத்தார்.

கடைசி மாலையில் ஆசிரியர் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒவ்வொருவரும் தமக்கு மாற்றுக் கட்சிக்காரர் ஒருவராகத் தம்மைப் பாவித்துப் பேச வேண்டும். அப்போதுதான் அவர் மனம் விளங்கும் என்றார். வால்டர் என்னும் இளைஞன் லட்சுமணனாக நடிக்க எழுந்தான். லட்சுமணனும் அதே கேங்கு. அவர் சொன்னால் அவர் கட்சிப் பையன்கள் தெருவில் இறங்குவார்கள், சொன்னால் அடங்குவார்கள். வால்டர் மனத்தை விளக்கவில்லை. சென்ற தேர்தலில் கல்லடிக்குப் பயந்து கவிழ்த்த படகின் அடியில் லட்சுமணன் ஊர்ந்து புகுந்ததை அப்படியே ஊர்ந்து காட்டினான். “நான் கட்சியே இல்ல நைனா, மீன் வாங்க வந்தேன்” என்று குரலையும் சேர்த்துக்கொண்டான். கூடம் குலுங்கியது. களைத்திருந்த மேஸ்திரியும் தம்மை மறந்து சிரித்துவிட்டார். லட்சுமணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அவர் வீட்டுப் பின்சந்தில் பையன்கள் சோடாப் புட்டிகளும் சவுக்குக் கட்டைகளும் சேர்ப்பதாகச் செய்தி மட்டும் வந்தது. வாக்குப்பதிவுக்கு இடையில் ஒரே நாள்தான் இருந்தது. வால்டரையும் லட்சுமணனையும் பொதுவான ஓரிடத்தில் எதிரெதிரே அமர்த்திப் பேச விட வேண்டும் என்று ஆசிரியர் யோசனை சொன்னார். அதைச் சொல்வதற்காக மேஸ்திரி மாலையில் லட்சுமணன் வீட்டுக்குச் சென்றார்.

லட்சுமணன் அவரை வரவேற்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. பாயை மட்டும் தள்ளிப் போட்டார்.

“வால்டரை இட்டாரேன். ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க” என்றார் மேஸ்திரி.

“அவன் இன்னாத்துக்கு? அவன் மேல எனக்குக் கோவமே கெடையாது. அன்னிக்கு அவன் அங்க இல்லவே இல்ல. எவனோ சொன்னதைக் கேட்டுகினு ஆடறான். படகுக்கு அடியில பூந்தப்போ என் காதுல ரத்தம் ஊத்திகினு இருந்துச்சு. ரிக்சாவுல போட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனது யாரு? நீதானே மேஸ்திரி? இந்தக் காது இன்னும் கேக்கல. அதுவும் ஒனக்குத் தெரியும். நீயும் சிரிச்ச.”

மேஸ்திரி பாயில் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, தப்புத்தான், மனசுல வெச்சுக்காதே என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

“இங்க சொன்னா செவுருக்குத்தான் கேக்கும். சிரிச்சது அத்தினி பேரு முன்னாடி” என்று லட்சுமணன் எழுந்து உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியெல்லாம் மேஸ்திரி அதையே எண்ணிக்கொண்டு நடந்தார். கேங்கின் முன்னிலையில் எந்த மேஸ்திரியும் கூலியாளிடம் தாழ்ந்து பேசுவதில்லை. முன்பு ஒருவர் அவ்வாறு பேசினார். அன்றுமுதல் கேங்கு அவர் சொல்லைக் கேலி செய்தது. கனமான சரக்கை எடுக்கச் சொன்னால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். முடிவில் அவர் துறைமுகத்தில் கரி இறக்கும் கரிமேட்டுக்கு மாற்றல் கேட்டுப் போனார். இக்னேஷியசுக்கு இனிக் கரி சுமக்கும் வயதில்லை.

அவருடைய மனைவி அடைக்கலமேரி சோற்றைப் பரிமாறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். போலீசிடம் சொல்லிவிடலாமே என்றாள். போலீசு வந்தால் லட்சுமணனைத்தான் முதலில் பிடிக்கும் என்றார் அவர்.

“பையனுங்க கட்டை கிட்டையோட வந்துட்டா?”

“லட்சுமணன் சொன்னா வர மாட்டானுங்க.”

“அவர் சொல்லுவாரா?”

அது தமக்குத் தெரியாது என்று அவர் ஒப்புக்கொண்டார். பாதிச் சோற்றில் கை கழுவி வந்து சுவரில் சாய்ந்தார்.

“நாளைக்குக் காலைல அவனை நானே போய் இட்டாந்துடறேன். ஆர்பர் கேட்டாண்ட கேங்கு மொத்தமும் சேந்த பொறவு, அவங்க முன்னாடி அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன்” என்றார்.