சேர்மனின் திடீர்ப் பாசம்

மூன்று பேர் வேலை பார்க்கும் கம்பெனிதான். ஆனாலும் முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வரும். சேர்மன் என்று சொல்ல வேண்டும். வரவேற்பறைச் சுவரில் வெளிநாட்டு நேரம் காட்டும் கடிகாரங்களை வரிசையாக மாட்டியிருந்தார். பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி அவை நிமிடத்தில்கூட ஒத்துப்போவதில்லை.

அவருக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுத்தவருக்குப் பெரிய பாக்கி நின்றது. காகிதம் வாங்கப் பெட்டிக்காரர் மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயிருந்தன. முன்பெல்லாம் கேட்கப் போனால், சேர்மன் மீட்டிங்கில் இருப்பார். இப்போதோ வாசல்வரை வந்து தோளில் கைபோட்டார்.

"வாங்கண்ணே, காபி சாப்பிடுங்க. உங்க பணம் எங்க ஓடிடப் போகுது? அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"சோழியன் குடுமி சும்மா ஆடாதுங்க," என்றாள் மனைவி, வீட்டில் இதைக் கேட்டதும். "கடன்பட்டவன் காபி குடுத்தா, சர்க்கரைக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கணும்."

பெட்டிக்காரர் பார்க்கத்தான் செய்தார். சிரிப்பைப் பார்த்தார், காபியை மோந்தும் பார்த்தார். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஒருநாள் காலை பாசம் தீர்ந்துபோனது. சேர்மன் நாற்காலியைவிட்டு எழவில்லை, ஒப்பந்தத்தைத் தள்ளிவிட்டார்.

"படிங்க. பாக்கிக்கு ஒரு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும். நேத்தோட கெடு முடிஞ்சிருச்சு. இந்த ஒப்பந்தத்துக்கு வெளிநாட்டுச் சட்டம்னு போட்டிருக்குங்க, இதுல நம்ம ஊர்ச் சட்டம் எடுபடாது."

வீட்டில் மனைவி வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். அவள் தங்கை வக்கீல். ஒப்பந்தத்தை வாங்கிப்போனவள், மறுவாரம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"மாமா, அந்த நாட்டு வக்கீல்கிட்டயே கேட்டுட்டேன். சட்டம் குடுக்கிற காலத்தை ஒப்பந்தத்துல குறைச்சு எழுதினா அங்க செல்லாதாம். நமக்கு இன்னும் நாள் கிடக்கு. நம்ம ஊர்ச் சட்டமும் அதையேதான் சொல்லுது!"

"அப்ப அந்த நாட்டை ஏம்மா போட்டார்?"

அதைப் பிறகு சேர்மனின் டைப்பிஸ்டே சொன்னார்: சுவரில் எந்த நாட்டுக் கடிகாரம் பெரிதோ, அந்த நாட்டைப் போடச் சொன்னாராம்.

நோட்டீஸ் போன அன்றே சேர்மனின் கார் பெட்டிக்காரர் வீட்டு வாசலில் நின்றது.

"அண்ணே, நமக்குள்ள எதுக்குச் சட்டமெல்லாம்?" என்று காசோலையை நீட்டினார். தொகை முழுசாக இருந்தது. பெட்டிக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தேதியைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், திருப்பிப் போட்டு முதுகையும் பார்த்தார். பிறகு மனைவியிடம் கொடுத்தார்.

"ஒரு வாய் காபி கிடைக்குமாம்மா?" என்றார் சேர்மன்.

"வளையல் கைக்கு வரட்டுங்க," என்றாள் அவள். "அப்புறம் போடறேன்."