கண்ணாயிரம் பிடித்து வைத்திருந்த வீடுகள்

பழனி ஜாமீனில் வீடு திரும்பியபோது வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. மரம் ஏறிப் பிழைத்தவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை எந்தக் கோர்ட்டிலும் கிடையாது. அவன் மனைவி கண்ணகிதான் சட்டையை மாட்டிவிட்டாள். கண்ணாயிரத்தைச் சும்மா விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

கண்ணாயிரம் பழனியின் கூட்டாளி. இருவரும் மணலூர்பேட்டையிலிருந்து சைக்கிளில் திருக்கோவிலூர் போய், ஓட்டின் மேல் சாய்ந்த கிளைகளைக் கழித்துக் கொடுப்பார்கள். பழனி ஏறுவான், கண்ணாயிரம் கீழே நின்று கயிறு பிடிப்பான். எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம், புளியமரங்களை அறுத்து ரோட்டின் குறுக்கே தள்ளியவர்களோடு கண்ணாயிரமும் ரம்பத்தோடு போயிருந்தான். பழனி அப்போது கல்வராயன் மலையில் பிச்சைமுத்து என்பவன் வீட்டுப் பலாமரத்தின் மேல் இருந்தான். போலீஸ் பிடித்து உலுக்கியதும், ரம்பம் போட்டது பழனிதான் என்று சொல்லிக் கண்ணாயிரம் தப்பித்துக்கொண்டான். மலையிலிருந்து இறங்கிய பழனியைப் பஸ்ஸிலிருந்தே இழுத்துப்போய் அடித்தார்கள். பிச்சைமுத்து வந்து சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பழனி வெளியே வருவதற்குள் அவன் பார்த்துவந்த வீடுகளெல்லாம் கண்ணாயிரத்தின் கைக்குப் போயிருந்தன.

கண்ணகி மலைக்குப் போய் பிச்சைமுத்துவை அழைத்து வந்தாள். அவன் ஏறட்டும், நான் கயிறு பிடிக்கிறேன் என்று திருக்கோவிலூர்த் தெருக்களில் இறங்கினாள். முதலில் தட்டிய வீடுகளில் கண்ணாயிரம் செய்த துரோகத்தைத்தான் சொன்னாள். கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். போலீஸ் விவகாரம் வாசலேறி வருவதை யார் விரும்புவார்கள்?

அதன்பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தெருவில் நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பாள். கண்ணாயிரம் ஆள் வைத்துக் கழித்த மரம் தூரத்திலேயே தெரியும். பட்டை உரிந்து, கிளை பாதியில் முறிந்து தொங்கும். கதவைத் தட்டி வீட்டு அம்மாளைக் கூட்டிவந்து காட்டுவாள். இந்தப் பிளவில் மழைத் தண்ணீர் இறங்கினால் மரம் உளுத்து ஓட்டின் மேலேயே விழும், நாங்கள் சீராக அறுத்து, முற்றத்தில் ஒரு இலை கிடக்காமல் அள்ளிப்போவோம் என்பாள். ஒரு வீட்டில் சம்மதித்தார்கள். மதில் வழியாக வேடிக்கை பார்த்த அடுத்த வீட்டு அம்மாளும் கூப்பிட்டாள்.

கண்ணகி அந்த வீட்டுக்குப் போகவில்லை. பிச்சைமுத்து காரணம் கேட்டான்.

"அது அப்பறம். மொதல்ல அவன் வூடுங்க," என்றாள்.

இப்படி ஒவ்வொரு வீடாகக் கண்ணாயிரத்திடமிருந்து உருவினாள். வேலை குறையக் குறைய அவனிடமிருந்த ஆட்களும் விலகிப்போனார்கள். கடைசியில் மிஞ்சியது ரைஸ்மில்காரர் மனைவி ராணியம்மாளின் வீடு. அங்கே தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை ஒன்று கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்ணகி போனபோது கண்ணாயிரம் முற்றத்தில் திட்டு வாங்கிக்கொண்டு நின்றான். ஒத்துக்கொண்ட வேலைக்கு ஏற ஆளில்லை.

அவளைப் பார்த்ததும் குழைந்தான். "அண்ணி, இந்த ஒரு மரத்துக்கு மட்டும் உங்க ஆள அனுப்புங்க."

"அனுப்புறேன். அன்னைக்கி எங்க வூட்டுக்காரரு எங்க இருந்தாரு? அம்மா காதுல வுழற மாதிரி சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான். ராணியம்மாளுக்கு விஷயம் அரைகுறையாகத் தெரியும். "கேக்குறா இல்ல? சொல்லுடா," என்றாள்.

"மலையில."

"ரம்பம் போட்டது?"

மதிலுக்கு அந்தப்பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"நான்தான்," என்றான்.

இதைக் கோர்ட்டில் நீ சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன் என்றாள் ராணியம்மாள். அந்த அம்மாளின் வாய்க்கு ஊரே பயப்படும். வேறு வழியின்றிக் கண்ணாயிரம் கூண்டில் ஏறி ஒப்புக்கொண்டான். பழனி விடுதலையானான், வழக்கு கண்ணாயிரத்தின் மேல் திரும்பியது.

ஜாமீனில் வந்தவன் நேராகக் கண்ணகியின் வாசலுக்கு வந்து, கயிறு பிடிக்கவாவது சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினான். உள்ளேயிருந்த பழனி, தொலையட்டும், ஒரே சட்டியில் சாப்பிட்டவன்தானே என்றான். கண்ணகி கதவைச் சாத்தினாள்.

அத்தோடு மனம் ஆறிவிடும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். ஆறவில்லை. கொஞ்ச நாளில், கண்ணாயிரம் பெண்டாட்டி ஊரான திருநாவலூருக்குப் போய், அங்கே வீடு வீடாக மரம் கழிக்கும் வேலை கேட்டுக்கொண்டு திரிகிறான் என்று பிச்சைமுத்து சேதி கொண்டுவந்தான். கண்ணகி ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"திருநாவலூருக்கு மொத பஸ்ஸு எப்ப?" என்று கேட்டாள்.