தட்டுக்காடு

கூலிக்கு வந்த செங்கோடன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

"ஏனுங்க, இதுக்கு மேல என்னயச் சொல்லாதீங்க. சாமிக் கம்பத்துல நான் கை வெக்க மாட்டனுங்க."

"எந்த நாயிடா இதயச் சாமின்னு சொன்னது?" என்று கத்தினார் பெரியசாமி.

செங்கோடன் கம்பத்தைக் காட்டினான். ஆள் உயர இரும்புக் கம்பம். உச்சியில் ஒரு வளையம், அதைச் சுற்றித் தொங்கும் சங்கிலிகள், அவற்றுக்கு அடியில் ஒரு கம்பிக்கூடை. நேற்று மாலைவரை அவ்வளவுதான். இப்போது கம்பத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. சங்கிலியில் வேப்பிலை செருகியிருந்தது. கூடைக்குள் ஒரு தேங்காய் மூடி.

சத்தம் கேட்டு வீட்டிலிருந்து வந்த வசந்தாமணிக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அப்பாவை வாசலில் கிடத்தியிருக்கும் நாளில் தனக்குச் சிரிப்பு வருவதை எண்ணி அவள் வெட்கப்படவில்லை. அவர் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பார்.

யார் வேலை என்பது உடனே தெரிந்தது. அவளுக்குப் பின்னால் வந்து நின்ற பெருமாயி பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவுக்கு அக்கா. வசந்தாமணியின் அப்பா சுப்பையனுக்கு நெஞ்சு வலி என்று ஆள் வந்து சொன்னதும், பல வருடம் கழித்து நேற்று அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள். காட்டு வழியாக நடந்து வரும்போது சங்கிலி தொங்கும் கம்பங்களைப் பார்த்து, எல்லையில் நிற்கும் காவல் தெய்வம் என்று நினைத்துவிட்டாள். கோயிலுக்கென்று கொண்டுவந்த தேங்காயை அங்கேயே உடைத்து, தங்கச்சி தாலியைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டாள். விடியும்போது சுப்பையன் போய்விட்டார்.

"எனக்கு என்னம்மா தெரியும்? சங்கிலியப் பாத்தேன், கும்பிட்டேன்" என்றாள் பெரியம்மா.

"கும்பிட்டதுக்கு உங்க சாமி ஒண்ணும் பண்ணலயே" என்றார் பெரியசாமி.

"கேட்டது குடுக்கலன்னா சாமி இல்லன்னு ஆயிருமா?"

செங்கோடன் அதை ஒப்புக்கொள்வது போலத் தலையாட்டினான்.

அந்த மேட்டுக்காடு சுப்பையனுக்கும் அவருடைய சித்தப்பா மகன் பெரியசாமிக்கும் பொது. பாகம் பிரிக்காத நிலம். கல்லும் கொழுஞ்சிச் செடியுமாகக் கிடந்தது. திருச்செங்கோட்டுச் சொந்தக்காரப் பையன் ஒருவன் அமெரிக்காவில் படித்துவிட்டு லீவில் வந்தபோது, அங்கே ஆடுகிற ஆட்டம் என்று நாலைந்து பிளாஸ்டிக் தட்டுகளையும் ஒரு போட்டோவையும் கொண்டுவந்தான். வீசுகல் என்று போட்ட கல்லில் நின்று தட்டை வீச வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும். குறைந்த வீச்சில் கூடைக்குள் போடுகிறவர் கெலித்தவர். போட்டோவில் பச்சைப் புல்லும், பெயர் தெரியாத உயர்ந்த மரங்களும், தூரத்தில் ஏரியும் இருந்தன. சுப்பையன் ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரி வைத்திருந்தவர். பட்டறையில் கிடந்த பழைய குழாயையும் சங்கிலியையும் பற்றவைத்து ஒன்பது கூடைகள் செய்து மேட்டுக்காட்டில் நட்டார். "அங்க புல்லு, இங்க கொழுஞ்சி. பறக்கற தட்டுக்கு அதெல்லாம் தெரியுமா?" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மோகனூரிலிருந்துகூட ஆட வந்தார்கள். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்த வசந்தாமணியை அங்கே ஒருவரும் கெலித்ததில்லை, அப்பா உட்பட.

பெரியசாமி மட்டும் ஒருநாளும் தட்டைத் தொட்டதில்லை. அண்ணன் இருக்கும்வரை வாயைத் திறக்கவும் இல்லை. இன்று காலையில் திறந்தார். சுப்பையனுக்கு ஆண்பிள்ளை கிடையாது. கொள்ளிச்சட்டி பிடிக்க வேண்டியவர் பங்காளியான அவர்தான். கம்பங்களைப் பிடுங்கினால்தான் சட்டியைத் தூக்குவேன் என்று சொல்லிவிட்டார். ஓடைக்கரைச் சுடுகாட்டுக்கு இந்தக் காடு வழியாகத்தான் போக வேண்டும், பாடை எப்படி நுழையும் என்பது அவர் சொன்ன காரணம். மழை விழுந்ததும் கடலை விதைக்க நினைத்திருந்தது சொல்லாத காரணம்.

பெரியம்மா வசந்தாமணியின் காதருகே குனிந்தாள்.

"பேசாம இரு. சாமின்னே இருந்துட்டுப் போவட்டும். ஒரு பய தொட மாட்டான். உங்கப்பன் வெச்சது காலத்துக்கும் நிக்கும்."

உண்மைதான். வசந்தாமணி காட்டைப் பார்த்தாள். கம்பங்களுக்கு மேலே தகரக் கூரை வரும். வெள்ளிக்கிழமை விளக்கு எரியும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கம்பங்கள் நிற்கும், ஆட்டம் இருக்காது. பிடுங்கினாலும் இருக்காது. இரண்டில் எதற்கும் தலையாட்ட அவளுக்கு மனமில்லை.

முந்தானையால் மஞ்சளை அழுத்தித் துடைத்தாள். வேப்பிலையை எடுத்தாள். தேங்காய் மூடியைப் பெரியம்மாவின் கையில் கொடுத்தாள்.

"ஐயோ, என்னடி பண்ற!"

அவள் வீட்டுக்கு நடந்தாள். வாசலில் அழுதுகொண்டிருந்த பெண்களைத் தாண்டி உள்ளே போய், ஆணியில் தொங்கிய பையிலிருந்து சிவப்புத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மா அவள் கையைப் பார்த்தாள்.

வீசுகல்லில் ஏறி நின்றாள். சேலையை இடுப்பில் செருகினாள். மேற்கிலிருந்து காற்று வந்தது. கொஞ்சம் இடப்பக்கமாகக் குறிவைத்து வீசினாள். தட்டு தாழப் பறந்து, வேலமரத்துக்கு அந்தப் பக்கம் சாய்ந்து, போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தபோது வளைந்து திரும்பிச் சங்கிலியில் அடித்துக் கூடையில் விழுந்தது. வாசலில் பறை அடித்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்தினார்கள்.

"இது சாமியில்ல" என்றாள் வசந்தாமணி. "எங்கப்பா வெச்ச வெளயாட்டு. செங்கோடா, பயப்படாதே. கடப்பாரைய எடு."

பெரியசாமி அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். "அப்பப் புடுங்கலாங்கறயா?"

"புடுங்கலாமுங்க சித்தப்பா. காட்டுல பாதி உங்களுது. எந்தப் பாதின்னு கையக் காட்டுங்க. அதுல நிக்கறத நானே புடுங்கிப் போடறேன்."

பெரியசாமி கையைத் தூக்கினார். மேற்கே கிணறு இருந்தது. கிழக்கே தார் ரோடு. கிணற்றைக் கேட்டால் ரோடு போகும், ரோட்டைக் கேட்டால் கிணறு போகும். அதனால்தான் அவருடைய அப்பா காலத்திலிருந்தே பாகம் பிரிக்கவில்லை. மேற்கே பார்த்தார், கிழக்கே பார்த்தார்.

"எங்கீங்க தோண்டோணும்?" என்றான் செங்கோடன்.

"வாய மூடுறா."

வசந்தாமணி கல்லை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் வந்தாள். குரல் தணிந்திருந்தது.

"நேரமாவுதுங்க. அப்பாவ நீங்கதான் கூட்டிக்கிட்டுப் போகோணும். சட்டிய வேற ஒருத்தர் கையில குடுக்க எனக்கு மனசில்ல."

"எல்லாம் உங்கப்பன் பேச்சு. அப்பிடியே இருக்குது" என்றார் பெரியசாமி. அது திட்டா என்பது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

உச்சிவெயில் சாய்ந்த பிறகு எடுத்தார்கள். பெண்கள் காட்டு முகப்போடு நின்றுவிட்டார்கள். அம்மாவைப் பெரியம்மா பிடித்துக்கொண்டாள். வசந்தாமணி வேலியோரத்துப் பாறை மேல் ஏறி நின்று பார்த்தாள். ஈர வேட்டியோடு பெரியசாமி முன்னால் போனார். கையில், கயிற்றில் தொங்கிய சட்டி புகைந்தது. பின்னால் பாடை.

ஓடைக்கு இறங்கும் இடத்தில் தடம் குறுகியது. ஒரு பக்கம் கள்ளி, மறுபக்கம் கடைசிக் கம்பம். காற்றில் அதன் சங்கிலிகள் தடத்தின் பக்கமாக அலைந்தன. பெரியசாமி நின்றார். சட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது கையால் சங்கிலிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அள்ளி, கம்பத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பாடை அவரைத் தாண்டிப் போயிற்று. பறைக்காரர்கள் போனார்கள். கடைசி ஆளும் போனபின், சத்தம் வராமல் சங்கிலிகளை மெதுவாக விட்டார்.

பிறகு முன்னால் போய்ச் சேர்வதற்காக, கொழுஞ்சிச் செடிகளுக்கு நடுவே வேகமாக நடந்தார். சட்டியின் புகை அவருக்குப் பின்னால் நீண்டு போயிற்று.