வளையத்தின் கீழே றிஃப்னா

1.

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவள் சுதாஜினி. விவசாயிகளுக்கான பூநகரிக் கமநல சேவை நிலையத்தில் வேலை செய்கிறாள். முப்பதைத் தாண்டியவள், பஸ்ஸில் ஏறினால் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டிய உயரம். பரந்தன் சந்தியில் பூநகரி பஸ்ஸுக்கு நின்ற என்னை அவள் பிடித்துக்கொண்டாள். அந்த பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு ஒரு நாவலையே கேட்டு முடிக்க நேரம் இருக்கும். எனக்கு வாய்த்தது ஒரு சிறுகதை.

"அக்கா, நீங்கள் கதை எழுதுறனீங்கள்தானே?"

"ஓம், ஏதோ கிறுக்கிறனான்."

"ஆக்களின்ர மனசுக்குள்ள போய், அவள் இப்பிடி நினைச்சாள், அவன் அப்பிடி நினைச்சான் எண்டெல்லாம் எழுதுறியள். எனக்குள்ளயும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ. எட்டு வருசமா ஒரு விசயம் எனக்கே தெரியேல்லை."

விசயம் இதுதான். வவுனியாவில் படித்தபோது அவள் கல்லூரியின் கூடைப்பந்து அணியில் இருந்தவள். கடைசி வருட இறுதிப் போட்டியின் கடைசி நொடிகளில் பந்து அவள் கையில் இருந்தது. அவளுடைய உயிர்ச் சிநேகிதி றிஃப்னா வளையத்துக்குக் கீழே, பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமல், பந்து கேட்டுக் கையை உயர்த்தியபடி நின்றாள். சுதாஜினி கொடுக்கவில்லை. தானே எறிந்தாள். பந்து விழுந்தது, கல்லூரி வென்றது.

றிஃப்னா நின்றதைக் கண்டும் கொடுக்காமல் விட்டாளா, காணவே இல்லையா? இவ்வளவுதான் கேள்வி. இந்தச் சனிக்கிழமை அதே கல்லூரியில் பழைய மாணவிகளின் போட்டி. றிஃப்னாவும் வருகிறாளாம், இரண்டு பேரும் ஒரே அணி. அதற்கு முதல் விடை வேண்டும் என்றாள்.

"நீங்கள் எழுதினால் தெரிஞ்சிடும்."

எழுத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த ஒருவரை நான் இதற்குமுன் கண்டதில்லை, என் பதிப்பாளர் உட்பட.

2.

ஆரம்பம், முதல் முயற்சி: "வவுனியாவின் வெயில் சீமெந்துத் தரையில் கொதித்துக்கொண்டிருந்த அந்த—"

(வெயிலில் தொடங்கும் கதைகளை நான் எழுதியதும் போதும், நீங்கள் வாசித்ததும் போதும்.)

இரண்டாம் முயற்சி: "போர் முடிந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சுதாஜினியின் கண்களில் இன்னமும் அந்த—"

இதை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். குரல் பதிவு வந்தது. "அக்கா, அது எங்கட எல்லாருக்கும் நடந்ததுதானே. எனக்குப் பந்து விளையாடத் தெரியாமல் இருந்ததுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? வெட்டுங்கோ."

வெட்டினேன். வன்னியில் கதை எழுதுகிறவருக்கு இது சுலபமான வேலை அல்ல.

மூன்றாம் முயற்சி: "சுதாஜினி ஒரு படுமோசமான விளையாட்டுக்காரியாக இருந்தாள்."

"ஓம், இது சரி" என்று பதில் வந்தது.

3.

சுதாஜினி ஒரு படுமோசமான விளையாட்டுக்காரியாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் ஆடியது வலைப்பந்து. அங்கே பந்தைப் பிடித்தால் அதோடு ஓடக் கூடாது, நிலத்தில் தட்டிக்கொண்டு போகவும் கூடாது, பிடித்த இடத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொருத்திக்கும் மைதானத்தில் ஒரு பகுதி, கோடு தாண்டினால் பிழை. அவள் கோல் எறிகிறவள். நின்று, குறி பார்த்து, எறிந்து பழகிய கை.

வவுனியாவுக்கு வந்த கையோடு, பயிற்சி கொடுத்த பிரசாந்தன் சேர் அவளுடைய உயரத்தை மட்டும் பார்த்துக் கூடைப்பந்து அணியில் போட்டுவிட்டார். முதல் நாள் பந்து அவளிடம் வந்தது. அவள் நின்றாள். எல்லாரும் ஓடிக்கொண்டிருக்க, அருச்சனைத் தட்டை ஏந்தியவள்போல இவள் மட்டும் பந்தை வைத்துக்கொண்டு நின்றாள். எதிரணிப் பிள்ளை வந்து ஆற அமர எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த முறை பந்து இல்லாமலே ஓடி, நடு மைதானத்துக்குக் கொஞ்சம் முன்னால் திடீரென்று நின்றாள்.

"ஏன்டி நிண்டனி?" என்று கேட்டாள் றிஃப்னா.

"கோடு."

"எங்க கோடு?"

கோடே இல்லை. வலைப்பந்து மைதானமாக இருந்திருந்தால் அங்கே ஒன்று இருந்திருக்கும். மைதான ஓரத்து வாங்கில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

(இந்த இல்லாத கோட்டைப் பற்றி ஒரு நீண்ட பந்தி எழுதியிருந்தேன். பெண்கள், எல்லைகள், சமூகம் எல்லாம் வந்தன. பிறகு யோசித்தேன், அது வெறும் பழக்கம். பந்தி போய்விட்டது.)

எறிந்தாலும் பந்து பலகையில் பட்டுத் தெறித்துப் போனது. "வளையம் பெரிசாக் கிடக்கு, அதுதான் எனக்குப் போகுதில்லை" என்றாள் சுதாஜினி. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். அன்றைக்கு முழுக்க விடுதியில் அந்தக் கதைதான் பம்பலும் சிரிப்பும். றிஃப்னா மட்டும் சிரிக்கவில்லை. அவள் போய் விசாரித்தாள். வலைப்பந்து வளையம் உண்மையிலேயே சிறிது, பின்னால் பலகையும் கிடையாது. சின்ன வளையத்துக்குள், பலகை இல்லாமல் போட்டுப் பழகிய கை அணியில் இருக்கிறது என்று அங்கே விளங்கிக்கொண்டது அவள் ஒருத்திதான்.

4.

றிஃப்னாவைப் பற்றி எழுதுவது கஷ்டம். நல்லாய் விளையாடுகிறவர்களைப் பற்றி எழுத அதிகம் இருப்பதில்லை.

முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த குடும்பம். அங்கேதான் பிறந்தாள், அங்கத்தைய பள்ளிக்கூடத்தில்தான் கூடைப்பந்து பழகினாள். பிறகு குடும்பம் ஊருக்குத் திரும்பியது. நீளக் கைச் சட்டையும் தலைமறைப்புமாக இறங்கி, பந்தைக் குனிந்தும் பாராமல் தட்டிக்கொண்டு ஓடுவாள். முதல் வருடம் எப்படி ஆடினாளோ கடைசி வருடமும் அப்படியே ஆடினாள். முன்னேற அவளுக்கு இடம் இருக்கவில்லை.

எல்லாரும் சுதாஜினிக்கு "நிக்காத, ஓடு" என்று கத்தினார்கள். றிஃப்னா வேறு மாதிரிச் சொன்னாள்.

"நிக்கிறதை விடாத. நல்ல இடமாப் பாத்து நில். நான் ரெண்டு பேரை இழுத்துக்கொண்டு ஓடிட்டு, நீ நிக்கிற இடத்துக்குப் பந்தை அனுப்புறன். வாங்கின உடன எறி."

பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகு, பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு கேட்கும்வரை இருவரும் நிற்பார்கள். பந்து தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. றிஃப்னா ஓடுவாள், அனுப்புவாள். சுதாஜினி வாங்குவாள், எறிவாள். விழாத பந்தை எடுத்து வருவதும் றிஃப்னாதான். முதல் வருடம் சுதாஜினி வாங்கில் இருந்தாள். அடுத்த வருடம் இடைக்கிடை இறக்கினார்கள். மூன்றாம் வருடம் வெளிக் கல்லூரிகள் அவளை மறிக்கவென்றே ஒருத்தியை ஒதுக்கின.

"திருப்புமுனை எங்கயடி?" என்று கேட்டேன். "கதைக்கு ஒண்டு வேணுமே."

"அப்பிடி ஒரு நாளும் இல்லையக்கா. ஒருக்காப் பாத்தால், நான் எறிஞ்ச பந்து விழ முதலே மற்றப் பக்கப் பிள்ளையள் திரும்பி நடக்கத் தொடங்கிட்டினம். அப்பதான் எனக்கே தெரியும்."

(அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று இந்த இடத்தில் எழுதி வெட்டியிருக்கிறேன். நகர்ந்த அம்மியைப் பாராட்டுகிறவர்கள் அடித்த கையை விசாரிப்பதில்லை.)

அந்தக் குரல் பதிவு அதோடு நிற்கவில்லை. கன்ரீனில் ஒரு றோல்ஸைப் பிய்த்து இரண்டு பேரும் தின்றது, பொங்கல் விடுமுறையில் றிஃப்னா பூநகரிக்கு வந்து கடல் காற்றில் தலைமறைப்பைப் பிடிக்கப் படாதபாடு பட்டது, றிஃப்னாவின் உம்மா அனுப்பும் தொதல் இனிப்பை அலுமாரிக்குள் ஒளித்து வைத்தும் எறும்பு வந்தது என்று போய்க்கொண்டே இருந்தது. கதைக்கு இவை தேவையில்லை. வெட்ட மனம் வரவில்லை, ஏனென்றால் கடைசியில் அவள் சொன்னாள்: "அந்த மூண்டு வருசத்தை நினைச்சா நெஞ்சு நோகுதக்கா. அப்பிடி ஒரு காலம் பேந்து வரேல்லை."

5.

இனித் தள்ளிப்போட முடியாது.

இறுதிப் போட்டி, எதிரே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அணி, சுதாஜினியின் அணி ஒரு புள்ளி பின்னால். பந்து சுதாஜினியிடம் வந்தது. அவள் நிற்கவில்லை. தட்டிக்கொண்டு முன்னே போனாள், மூன்று வருடத்துக்கு முன் அதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இருவர் கைகளை விரித்துக்கொண்டு அவள்மேல் பாய்ந்தார்கள். வளையத்தின் கீழே றிஃப்னா.

(அ) "அவள் கண்டாள். உயர்ந்த கையும் அதற்குக் கீழே சிரித்த முகமும் வடிவாகத் தெரிந்தன. கொடுத்திருக்கலாம். ஆனால் இந்த ஒரே ஒரு பந்தை, றிஃப்னா தராமல், றிஃப்னாவிடம் கொடுக்காமல், தானாக—"

அனுப்பினேன். அடுத்த நாள் சின்னக் குரலில் பதில் வந்தது. "நான் அவ்வளவு கூடாதவளோ அக்கா?"

(ஆ) "அவள் காணவில்லை. பழைய கோல் எறிகிறவளுக்கு வளையம் மட்டும்தான் தெரிந்தது. றிஃப்னா அந்த நேரம் உலகத்திலேயே—"

இதற்கு உடனேயே பதில் வந்தது. "அப்பிடியெண்டால் நான் விளையாடப் பழகவே இல்லையே. சேர் எப்பவும் சொல்லுவார், கை பழகும், கால் பழகும், கண்தான் கடைசியாப் பழகும் எண்டு. தனிய நிக்கிறவளைக் காணாதவள் என்ன விளையாட்டுக்காரி? பேந்தேன் எனக்கு அந்தக் கிண்ணம் தந்தவை?"

அன்று மாலை அவளுக்கு மிகவும் முன்னேறிய வீராங்கனை என்று ஒரு கிண்ணம் கொடுத்திருந்தார்கள். றிஃப்னாவுக்கு ஒன்றும் இல்லை. "முதல் நாளே நல்லா விளையாடினது என்ர பிழை" என்று அவள் எல்லாருக்கும் முன்னால் பம்பலாகச் சொன்னாள்.

ஆக, கண்டாள் என்று எழுதினால் சிநேகிதம் பொய். காணவில்லை என்று எழுதினால் அந்த மூன்று வருட உழைப்பும், அதில் முக்கால்வாசி றிஃப்னாவின் உழைப்பு, பொய். எந்தப் பக்கம் பேனையை வைத்தாலும் அந்தப் பிள்ளைக்கு நோகிறது. எனக்கும் நொந்தது.

6.

சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானமும் நடந்திருக்கும்.

விடுதியில் பெட்டி அடுக்கும்போது றிஃப்னா கேட்டாள். "நான் நிண்டதைக் காணேல்லையாடி?"

"காணேல்லை."

கேள்வி முடிய முதலே பதில் வந்துவிட்டது. ஏன் அவ்வளவு கெதியாகச் சொன்னோம் என்பதுதான் சுதாஜினியை இன்றுவரை தின்கிறது.

"சரி விடு. வெண்டிட்டம்தானே" என்றாள் றிஃப்னா.

பிறகு றிஃப்னாவுக்குக் கலியாணம், முல்லைத்தீவில் பிள்ளைகள். இவளுக்கு வேலை. பெருநாளுக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து வந்து போனது, பிறகு அதுவும் நின்றது.

சென்ற மாதம் பிரசாந்தன் சேர் பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படத்தைப் போட்டார். அந்தக் கடைசி எறி. பின்பக்கத்திலிருந்து எடுத்தது. சுதாஜினியின் முதுகு, மறிக்க எழும்பிய இரண்டு பேர், தூரத்தில் வளையத்தின் கீழே கையை உயர்த்திய றிஃப்னா. கீழே பிந்திய வருடத்துப் பிள்ளை ஒருத்தி எழுதியிருந்தாள்: "றிஃப்னா அக்கா பந்து விழ முதலே கொண்டாடத் தொடங்கிட்டா!" எல்லாரும் சிரித்த முகங்களைப் போட்டிருந்தார்கள். றிஃப்னா பார்த்திருந்தாள். ஒன்றும் எழுதவில்லை.

"நீயே போன் எடுத்துக் கதையன்" என்றேன்.

"எடுத்து? கண்டனான் எண்டு சொல்லுறதோ, காணேல்லை எண்டு சொல்லுறதோ? திரும்பவும் ஒரு பொய்யைச் சொல்ல ஏலாது. ஒண்டும் சொல்லாமல், சனிக்கிழமை எந்த முகத்தோட அவள் தாற பந்தை வாங்கிறது?"

7.

(இ) எனக்கு மிகவும் பிடித்த முடிவு: "றிஃப்னா சிரித்தாள். விசரி, நான் கை தூக்கினது பந்து கேக்கிறதுக்கில்லை, எறியடி எண்டு சொல்லத்தான்."

அழகாக இருக்கிறது, இல்லையா? எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. போனில் வாசித்துக் காட்ட, சுதாஜினியும் கேட்டுவிட்டு அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"வேண்டாமக்கா. அவள் வாயால சொல்லாததை நீங்கள் சொல்லாதேங்கோ."

8.

எனக்குள் போய்ப் பாருங்கோ என்றாள். போனேன். நாங்கள் எழுத்தாளர்கள் பெருமையடிக்கிற அளவுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. தன் கண் எந்தப் பக்கம் திரும்பியது என்பது உள்ளே இருப்பவளுக்குத் தெரியாது, முன்னால் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். படம் எடுத்தவர் பின்னால் நின்றார். மறித்த இருவரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது ஒரு வசதி. நானும் விடப்போகிறேன், ஆனால் உங்களில் ஒருவரிடம் மட்டும். மற்றவர்கள் கோவிக்க வேண்டாம், உங்களிடம் அந்த முடிவு இல்லை.

இந்தக் கதையை ஒரு எழுத்தும் மாற்றாமல் றிஃப்னாவுக்கு அனுப்பச் சொல்லிவிட்டாள் சுதாஜினி. அவளுடைய கடைசிக் குரல் பதிவையும் அப்படியே எழுதிவிடுகிறேன். "அனுப்புங்கோ அக்கா. அவள் என்ன சொல்லுறாளோ அதுதான் நடந்தது. கூடாதவள் எண்டாலும் சரி, மக்கு எண்டாலும் சரி. நான் சனிக்கிழமை போறன்."

றிஃப்னா, நீங்கள் பந்துக்காகக் காத்து நின்றீர்கள். பந்துக்குக் காத்து நிற்கிறவர்கள் எறிகிறவளின் கண்ணைத்தான் பார்ப்பார்கள் என்று நீங்களே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்களாம். அந்த நேரம் அந்த முகத்துக்கு நேரே நின்றது உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

அவள் உங்களைக் கண்டாளா?